நிதிக் கணிதத்தில் மாணவருக்கு என்ன புரிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் 11ஆம் வகுப்புக்கு வணிகக் கணிதம் நடத்தும் ஆசிரியர். நிதியியல் கணிதப் பாடத்தில் அவருடைய மாணவர்கள் நல்ல மதிப்பெண்ணே வாங்குகிறார்கள். ஆனால் இரண்டு கடன் விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதற்கு எந்த மாதிரி வினாத்தாள் வைக்கலாம் என்பது அவர் கேள்வி. வினாத்தாள் கேட்டாலும் அவருடைய உண்மையான சந்தேகம் வேறு என்று நினைக்கிறேன்: பிள்ளைகள் இப்போது வாங்கும் மதிப்பெண் எதை அளக்கிறது, அது அளக்காமல் விட்டதை எப்படி அளப்பது? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நிதிக் கணிதத்தில் சூத்திரம் கடைசியில் வருகிற வேலை. அதற்கு முன்பே கணக்கின் தலையெழுத்து தீர்மானமாகிவிடும். பணம் எந்தத் தேதியில் உள்ளே வருகிறது, எந்தத் தேதியில் வெளியே போகிறது, ஒரு காலகட்டம் என்பது மாதமா காலாண்டா, அந்தக் காலகட்டத்துக்கு வட்டி எவ்வளவு என்ற நான்கையும் சரியாகப் பிடித்தவருக்கு மிச்சம் எல்லாம் பெருக்கல், வகுத்தல்தான். பாடநூல் பயிற்சியில் இந்த நான்கும் வாக்கியத்திலேயே வரிசையாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். எந்தச் சூத்திரம் என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடும். அதனால் அங்கே கிடைக்கும் மதிப்பெண், பிரதியிடத் தெரிகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தத் திறமையும் தேவைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புரிந்திருக்கிறதா என்பதற்கான சாட்சியைச் சூத்திரத்துக்கு முந்தைய இடத்திலும், விடை வந்த பிறகு மாணவர் அதை வைத்து என்ன சொல்கிறார் என்ற இடத்திலும்தான் தேட வேண்டும்.

முதலில் ஒரு மதிப்பெண் வினாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை வீண் என்று ஒதுக்க வேண்டாம்; நான்கு விடைகளையும் யோசித்து அமைத்தால் நிறையச் சொல்லும். ‘50,000 ரூபாய், ஆண்டுக்கு 12% வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டி, 2 ஆண்டு முடிவில் தொகை என்ன?’ சரியான விடை 63,487 ரூபாய். தனி வட்டி போட்டவருக்கு 62,000 வரும். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டியவருக்கு 62,720 வரும். வட்டியை 12ஆல் வகுத்துவிட்டு 24க்குப் பதில் 2 என்றே அடுக்கை வைத்தவருக்கு 51,005 வரும். அடுக்கை 24 ஆக்கிவிட்டு வட்டியை வகுக்க மறந்தவருக்கு 7,58,931 வரும். இந்தத் தவறான எண்களில் மூன்றைச் சரியான விடையோடு சேர்த்து விடைத் தெரிவுகளாக வையுங்கள். 62,000 என்று குறித்தவருக்குக் கூட்டு வட்டி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 51,005 என்று குறித்தவருக்கு வட்டியும் அடுக்கும் ஒரே காலகட்டத்தில் பேச வேண்டும் என்பதை மட்டும் திருத்தினால் போதும். இருவருக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான், ஆனால் மறுநாள் இருவருக்கும் நடத்த வேண்டிய பாடம் வேறு. ஏதோ நான்கு எண்களைத் தெரிவாக வைத்தால் இந்தத் தகவல் கிடைக்காது. 7,58,931ஐத் தேர்ந்தெடுத்தவர் இருந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள்: 50,000 ரூபாய் இரண்டே ஆண்டில் ஏழரை லட்சம் ஆவது அவர் கண்ணில் உறுத்தவில்லை என்றால், எண்ணுக்கும் பணத்துக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

கணக்கே போடாமல் பதில் சொல்லும் வினாக்களும் சில இருக்கட்டும். நிதி அறிவை அளக்க உலகெங்கும் பயன்படும் லுசார்டி, மிட்செல் என்ற பொருளியலாளர்கள் இருவரின் மூன்று வினாக்களில் முதலாவது இப்படித்தான் இருக்கும்: 100 டாலரை ஆண்டுக்கு 2% வட்டியில் போட்டு 5 ஆண்டு தொடாமல் விட்டால் 102க்கு அதிகமா, சரியாக 102ஆ, குறைவா? எந்தச் சூத்திரமும் வேண்டாம். ‘தெரியாது’ என்ற தெரிவும் அதில் உண்டு. வகுப்பில் வைக்கும் சிறு சோதனைகளில் நீங்களும் அதைச் சேருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் குறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், குத்துமதிப்பாகக் குறித்தவர் யார், உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டவர் யார் என்பது பெருமளவு பிரிந்துவிடும். மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வில் இது வேலை செய்யாது. அங்கே எல்லோரும் ஏதாவது ஒன்றைக் குறிக்கவே செய்வார்கள்.

அடுத்தது காலக்கோடு. தவணைக் கணக்கு எதுவானாலும், முதலில் ஒரு கிடைக்கோடு இழுத்து, 0, 1, 2 என்று காலத்தைக் குறித்து, வரும் பணத்தை மேலே, போகும் பணத்தைக் கீழே அம்பாகப் போடச் சொல்லுங்கள். அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லையென்றால் யாரும் வரைய மாட்டார்கள். மாதம் 2,000 ரூபாய் வீதம் 12 மாதம், மாதத்துக்கு 1% வட்டி என்ற கணக்கில், ஒவ்வொரு மாத முடிவிலும் கட்டினால் 25,365 ரூபாய் சேரும். மாதத் தொடக்கத்தில் கட்டினால் 25,618.66. வித்தியாசம் 253.65, அதாவது மொத்தத் தொகைக்கு ஒரு மாத வட்டி. இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்தவர் எதைப் போடுவது என்று தடுமாறுவார். கோடு வரைந்தவருக்கு முதல் அம்பு 0இல் இருக்கிறதா 1இல் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். சோதிக்க எளிய வழி உண்டு: கணக்கைப் போடவே சொல்லாமல் நான்கு சூழல்களைக் கொடுத்து (வாடகை முன்பணம், கடன் தவணை, மாதத் தொடக்கச் சேமிப்பு, ஆண்டு முடிவுப் பிரீமியம்) கோடு மட்டும் வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடியும், திருத்துவதற்கும் நேரம் ஆகாது.

இனி நீங்கள் கேட்ட கடன் ஒப்பீடு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை வினாவை அமைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வழக்கமாக ஃபிளாட் வட்டிக் கடன் (நிலுவை குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி) ஒன்று, குறையும் நிலுவைக்கு வட்டி போடும் கடன் ஒன்று, இரண்டுக்கும் ஒரே 12% என்று கொடுத்து எது மலிவு என்று கேட்பார்கள். ஒரு லட்சம், 12 மாதம் என்றால் குறையும் நிலுவையில் மாதத் தவணை 8,884.88, ஃபிளாட் முறையில் 9,333.33. ஃபிளாட் 12% என்பது குறையும் நிலுவைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5%க்குச் சமம். நடத்துவதற்கு நல்ல உதாரணம். ஆனால் தேர்வில் இரண்டாம் முறை இதைக் கேட்டால், ‘ஃபிளாட் என்றால் அதிகம்’ என்ற ஒற்றை வரியை ஒப்பித்தே விடை சொல்லிவிடலாம். அப்போது அது புரிதலை அளக்காது, நினைவை அளக்கும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். கடன் அ: ஒரு லட்சம், 12 மாதம், குறையும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 12%, தொடக்கத்திலேயே 2,000 ரூபாய் பிராசசிங் கட்டணம். கடன் ஆ: ஒரு லட்சம், 12 மாதம், ஃபிளாட் வட்டி 8%, கட்டணம் இல்லை. எது மலிவு, ஏன்? விடை ஆ. ‘8 என்பது 12ஐ விடக் குறைவு’ என்று எழுதியவருக்கும் விடை ஆ என்றே வரும், ஆனால் அந்தக் காரணம் முழுத் தவறு. ‘ஃபிளாட் எப்போதும் மோசம்’ என்று ஒப்பித்தவர் அ என்று எழுதித் தவறுவார். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தவர், அ கடனுக்கு 1,06,618.55 உடன் 2,000 சேர்த்து 1,08,618.55, ஆ கடனுக்கு 1,08,000 என்று எழுதுவார். அது பாதி சரி. பணம் எப்போது போகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. முழுதாகப் புரிந்தவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: ஆ கடனின் தவணை 9,000, அ கடனின் தவணை 8,884.88, ஆகவே அ கடனை எடுப்பது என்றால் இன்றைக்கு 2,000 ரூபாய் கொடுத்து, மாதம் 115.12 வீதம் 12 மாதம் திரும்பப் பெறுவது. அது 1,381 ரூபாய்தான். வட்டியைச் சேர்க்காமலே நஷ்டம். இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், சூத்திரமும் ஒரே ஒரு முறைதான். கடன் அ கையில் தருவது உண்மையில் 98,000 என்பதால் கட்டணத்தையும் சேர்த்த அதன் ஆண்டு வட்டி ஏறத்தாழ 15.9%, ஆ கடனுக்கு 14.5%.

இரண்டு வாரம் கழித்து அதே வினாவை, காலத்தை மட்டும் 24 மாதமாக மாற்றிக் கொடுங்கள். அ கடனின் தவணை 4,707.35, ஆ கடனின் தவணை 4,833.33. மாதம் 125.98 மிச்சம், 24 மாதத்தில் 3,024 ரூபாய். மாதம் 1% வீதம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் 2,676 ரூபாய், கட்டணமான 2,000ஐ விட அதிகம். இப்போது மலிவானது அ. போன முறை விடையை நினைவில் வைத்திருந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். போன முறை வழியைப் புரிந்துகொண்டவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பார். இப்படி ஜோடியாக வரும் வினாக்கள் பத்துத் தனி வினாக்களைவிட அதிகம் சொல்லும். தயாரிக்க நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஒரு பாடத்துக்கு இரண்டு ஜோடி போதும்.

இத்தகைய விடைகளைத் திருத்துவதற்கு ஐந்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: காலகட்ட வட்டியும் தவணை எண்ணிக்கையும் 1, காலக்கோடு 1, பிரதியிடல் 1, கணக்கிடல் 1, விடையை ரூபாயோடு ஒரு வாக்கியத்தில் சொல்லி அது பொருந்துமா என்று பார்த்தது 1. ஓர் இடத்தில் செய்த பிழைக்கு ஒரு முறைதான் மதிப்பெண் குறைய வேண்டும். அதற்குப் பிறகு தன் எண்ணை வைத்துச் சரியாகத் தொடர்ந்திருந்தால் மிச்ச மதிப்பெண்ணைத் தந்துவிடுங்கள். விலக்கு அந்தக் கடைசி மதிப்பெண் மட்டும். உதாரணமாக, வட்டியை 12ஆல் வகுக்காமல் போட்டவருக்கு ஒரு லட்சம் கடனின் மாதத் தவணை 16,144 என்று வரும். 12 மாதத்தில் 1,93,724. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட கடன் அளவுக்கே வட்டி. அதைப் பார்த்துவிட்டு ‘விடை பொருந்தவில்லை, எங்கோ பிழை’ என்று எழுதினாலே கடைசி மதிப்பெண்ணைக் கொடுக்கலாம், பிழையைக் கண்டுபிடிக்காவிட்டாலும். அடிக்கோடிட்டு விட்டுப்போனவருக்குக் கொடுக்க முடியாது.

பொருந்துமா என்று பார்க்க ஒரு வழியையும் கற்றுக்கொடுக்க வேண்டும், வெறுமனே ‘சரிபார்’ என்றால் பிள்ளைகள் அதே கணக்கை இன்னொரு முறை போடுவார்கள். கடன் நிலுவை மாதாமாதம் இறங்குவதால், சராசரி நிலுவை கடனில் பாதிக்குச் சற்று மேல். 12 மாதக் கடனுக்கு ஃபிளாட் வட்டியை 13ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் மதிப்பீடு கிடைக்கும்: 12,000 × 13 ÷ 24 = 6,500. உண்மை வட்டி 6,618.55. தவணை 8,875 என்று தோராயமாக வரும், சரியான விடை 8,884.88. நீண்ட காலக் கடன்களுக்கு இது சரிப்படாது, வட்டியைக் குறைத்துக் காட்டும். ஓரிரு ஆண்டுக் கடன்களுக்குப் பிழையைப் பிடிக்கப் போதுமானது.

தோராயமாக்கல் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சரியாகப் புரிந்த மாணவர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். 1.01இன் 12ஆம் அடுக்கு 1.126825. இதை 1.13 என்று எடுத்துக்கொண்டால் தவணை 8,692.31 என்று வரும், 192 ரூபாய் தள்ளி. 1.127 என்றால் 8,874.02, 1.1268 என்றால் 8,886.44. காரணம், தவணைச் சூத்திரத்தில் வகுக்கும் எண்ணைப் பெற இந்த அடுக்கிலிருந்து 1ஐக் கழிக்கிறோம், 0.1268 என்ற சிறு எண்ணில் மூன்றாம் தசமப் பிழைகூடப் பெரிதாகிவிடும். தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. ஆகவே நீங்கள் வைக்கும் தேர்விலும் அடுக்கின் மதிப்பை ஆறு தசம இடம் வரை வினாவிலேயே கொடுத்துவிடுங்கள், அல்லது விடைக்குறிப்பில் எவ்வளவு விலகலை ஏற்பது என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மடக்கை அட்டவணை பயன்படுத்திய விடைக்கு நான்கு இலக்கத் துல்லியம்தான் எதிர்பார்க்க முடியும். திருத்தும்போது முடிவு செய்தால் முதல் கட்டுக்கு ஒரு நீதி, கடைசிக் கட்டுக்கு ஒரு நீதி என்று ஆகிவிடும்.

பிழை கண்டுபிடிக்கும் வினாவுக்குக் கடன் தவணை அட்டவணையை விடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஒரு லட்சம், மாதம் 1%, தவணையை 8,885 என்று முழுமையாக்கினால் முதல் மாதம் வட்டி 1,000, அசலில் கழிவது 7,885, நிலுவை 92,115. இரண்டாம் மாதம் வட்டி 921.15, அசல் 7,963.85, நிலுவை 84,151.15. மூன்றாம் மாதம் வட்டி 841.51, அசல் 8,043.49, நிலுவை 76,107.66. இந்த அட்டவணையின் இரண்டாம் வரியில் வட்டியை மறுபடி 1,000 என்று போட்டு, நிலுவையை 84,230 ஆக்கி மாணவரிடம் கொடுங்கள். தவறு எந்த வரியில், ஏன், சரியாக என்ன என்று கேளுங்கள். நிலுவைக்குத்தான் வட்டி என்பது புரிந்திருந்தால் ஒரு நிமிட வேலை. இன்னொரு வடிவம், முழுத் தவணையையும் அசலில் கழித்து முதல் நிலுவையை 91,115 என்று போடுவது. முதல் வடிவத்தைக் கண்டுபிடிக்காதவரும் இரண்டாவதைக் கண்டுபிடிக்காதவரும் பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருப்பதில்லை. தவணையை முழுமையாக்கியதால் கடைசித் தவணை ஒன்றரை ரூபாய் அளவுக்குக் குறையும். ஆர்வமுள்ளவருக்கு அதையே கூடுதல் வினாவாகக் கொடுக்கலாம்.

கணினி அறை கிடைத்தால் இதே அட்டவணையை எக்செலில் செய்யச் சொல்லி மதிப்பிடலாம். மத்திய வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பயன்பாட்டுக் கணிதப் பாடத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு. அதில் விரிதாள் செய்முறைக்கும் இடம் உண்டு. அட்டவணை அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மூன்று சோதனை போதும்: கடைசி நிலுவை 0 ஆகிறதா, அசல் பத்தியின் கூட்டுத்தொகை கடனுக்குச் சமமா, வட்டிக் கட்டத்தில் 12ஐ 10 ஆக மாற்றினால் அட்டவணை முழுதும் தானே மாறித் தவணை 8,791.59 ஆகிறதா. மூன்றாவதில்தான் எண்களைக் கையால் தட்டியவர் யார், உறவுகளை எழுதியவர் யார் என்று தெரியும். வங்கித் தொடர் வைப்புக் கணக்கை (ஆர்.டி.) எடுத்து ஒப்பிடச் சொல்வதானால் ஓர் எச்சரிக்கை: இந்திய வங்கிகள் வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி போடுகின்றன, மாதத் தவணைச் சூத்திரத்தில் வரும் விடை வங்கியின் எண்ணோடு ஒத்துப்போகாது. சொல்லாமல் விட்டால் சரியாகப் போட்ட பிள்ளை தன் கணக்கைச் சந்தேகப்படும்.

பங்குகள் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அங்கே வரும் பிழைகளில் பெரும்பான்மை ஒன்றேதான்: ஈவுத்தொகையை முகமதிப்புக்கு, அதாவது பங்கில் குறித்த விலைக்கு, கணக்கிடாமல் சந்தை விலைக்குக் கணக்கிடுவது. முகமதிப்பு 100, சந்தை விலை 125, ஈவு 10% என்றால் கிடைப்பது 10 ரூபாய், வருவாய் 8%. 12.50 என்று எழுதுபவரையும் 10% என்று எழுதுபவரையும் பிரித்துக் காட்டும் ஒரு மதிப்பெண் வினா இரண்டு போதும்.

நிஜ ஆவணத்தை வினாவாக்க இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு (தனிநபர்களுக்குத் தரும் கடன்கள்) ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு சதவீத விகிதம், தவணை அட்டவணை ஆகியவை அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த வடிவத்தைப் பார்த்து நீங்களே எண்களை நிரப்பி இரண்டு அறிக்கைகள் தயாரியுங்கள். பிள்ளைகளின் வீட்டுக் கடன் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டில் எவ்வளவு கடன், எந்த நகை அடகில் இருக்கிறது என்பது வகுப்பில் பேசப்பட வேண்டிய விஷயம் இல்லை; செயல்திட்டம் என்ற பெயரில் கேட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அது சங்கடம்தான்.

ஏலச் சீட்டு எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் நல்ல வினாவாகும். 20 பேர், மாதம் 5,000, 20 மாதம். ஒரு மாதம் ஏலம் 25,000 தள்ளுபடிக்குப் போனால் எடுத்தவர் கையில் 75,000. நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000. அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 5% ஆக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7% ஆனது. இதே வினாவில் கமிஷனை 7,000 ஆக்கினால் ஆளுக்கு 900, கட்ட வேண்டியது 4,100. இதுவரை எளிது. முதல் மாதம் எடுப்பவர் கடன் வாங்குபவர், கடைசி மாதம் எடுப்பவர் சேமிப்பவர் என்பதைக் காலக்கோட்டில் காட்டச் சொன்னால் கடினமாகும், அந்த இடத்தில்தான் நல்ல பதில்கள் வரும். வட்டி விகிதம் கேட்பதானால் 20 மாதத் தள்ளுபடியையும் வினாவிலேயே கொடுக்க வேண்டும். ஏலத் தொகை முன்கூட்டித் தெரியாது என்பதால், கொடுக்காவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது.

இதுவரை எழுதியவற்றில் எனக்கு எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வது நியாயம். தவறுகளை முன்கூட்டிக் கணித்து விடைத் தெரிவுகளை அமைப்பது, பிழைக்கு ஒரே முறை மதிப்பெண் குறைப்பது, துல்லியத்தை முன்பே வரையறுப்பது ஆகியவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாடங்களைக் கலந்து பயிற்சி தருவதற்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 7ஆம் வகுப்புக் கணிதத்தில் 54 வகுப்பறைகளில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் சராசரி 61%, ஒரே வகையைத் தொடர்ந்து பயின்றவர்கள் 38%. அது நிதிக் கணிதம் அல்ல. ஆனால் எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் நம் பிள்ளைகளின் சிக்கல் என்பதால் இங்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். ஆகவே பாடம் முடிந்த மறுநாள் வைக்கும் தேர்வை மட்டும் நம்பாதீர்கள். ஆறு வாரம் கழித்துப் புள்ளியியல் பாடத்தின் நடுவில் இரண்டு தவணை வினாக்களைச் செருகிப் பாருங்கள்.

சந்தேகம் எங்கே என்றால், இதில் நன்றாகச் செய்யும் மாணவர் நாளை பணத்தைப் புத்திசாலித்தனமாகக் கையாள்வாரா என்பதில். 2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டெமெயர் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1% அளவையே நிதிக் கல்வி விளக்குகிறது என்றார்கள். 2022இல் கைசர் குழுவினர் 76 சமவாய்ப்புப் பரிசோதனைகளை (யாருக்குக் கல்வி தருவது என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்யும் ஆய்வுகள்) தொகுத்துப் பார்த்தபோது, அறிவிலும் நடத்தையிலும் நல்ல விளைவு இருப்பதாகச் சொன்னார்கள். வாதம் முடியவில்லை. பள்ளித் தேர்வால் ‘இவருக்குக் கணக்கும் ஒப்பீடும் தெரியும்’ என்று சொல்ல முடியும். ‘இவர் கடனில் சிக்க மாட்டார்’ என்று சொல்ல முடியாது. மதிப்பெண் அட்டையில் அப்படி அர்த்தம் தொனிக்கும் வாக்கியம் எதையும் எழுத வேண்டாம்.

செயல்திட்ட மதிப்பெண்ணிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. செய்தது யார் என்பது தெரிவதில்லை. ஒப்படைத்தவுடன் மூன்று நிமிடம் நிற்க வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘வட்டி 2% கூடினால் உன் முடிவு மாறுமா?’, ‘இந்த வரியில் உள்ள எண் எங்கிருந்து வந்தது?’ தானே செய்தவர் திணறினாலும் வழியைச் சொல்வார். பாதி மதிப்பெண்ணை இந்தப் பேச்சுக்கே வையுங்கள். வார்த்தையில் எழுதும் விடைகளை, முடிந்தால் பத்துத் தாள் மட்டும், இன்னோர் ஆசிரியரும் தனியாகத் திருத்திப் பார்க்கட்டும். ஐந்துக்கு ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் அடிக்கடி வேறுபட்டால் குறை மாணவர்களிடம் இல்லை, உங்கள் விடைக்குறிப்பில்.

தேர்வு அமைப்பு இடம் கொடுக்குமா என்பது நியாயமான கவலை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 90 மதிப்பெண் தாளில் 20 ஒரு மதிப்பெண், 7 இரண்டு மதிப்பெண், 7 மூன்று மதிப்பெண், 7 ஐந்து மதிப்பெண் என்ற அமைப்பு, மீதி 10 அகமதிப்பீடு. அந்தத் தாளில் நிதியியல் கணிதத்துக்குக் கிடைக்கும் இடம் சிறியது. ஆனால் 2018 மார்ச்சில் முதன்முறை நடந்த 11ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது. ஆகவே நீங்கள் பள்ளியில் வைக்கும் தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவைக் கடன் ஒப்பீடாக மாற்ற உங்களுக்கு முன்பைவிட வசதி உண்டு.

50 பேர் இருக்கும் வகுப்பில் 45 நிமிடத்துக்குள் இதையெல்லாம் செய்ய முடியாது என்பதும் தெரிந்ததே. வாரத்துக்கு ஒரே ஒரு வினாவோடு தொடங்குங்கள். வகுப்பு முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது, அரைத் தாளில், பெயர் எழுதி, ஒரு காலக்கோடும் ஒரு வாக்கியமும். அன்று மாலை மதிப்பெண் போடாமல் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: கோடு தவறியவர்கள், கோடு சரியாகி வட்டியோ காலமோ தவறியவர்கள், எல்லாம் சரியாகி வாக்கியத்தில் காரணம் சொல்லத் தெரியாதவர்கள். முழுதும் சரியானவற்றைத் தனியே வைத்துவிடலாம். ஐம்பது தாளுக்கு இருபது நிமிடம் ஆகும். எந்த அடுக்கு உயரமாக இருக்கிறதோ அதை வைத்து மறுநாள் முதல் பத்து நிமிடத்தை நடத்துங்கள். அதே தவறைத் தொடும் இன்னொரு வினாவை அடுத்த வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.